தட்டு, பிள்ளையார் சுழி, பாக்கெட்

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கே இப்போது விநாடிக்கு 10 கிகாபிட் இணைப்பு கிடைக்கிறது. அது நிரம்பி ஓடினால், 1,500 பைட் பாக்கெட்டுகள், அதாவது தரவைப் பிரித்து அனுப்பும் சிறு பொட்டலங்கள், விநாடிக்கு ஏறத்தாழ 8 லட்சம் வந்து விழும். சராசரியாக 1.2 மைக்ரோவிநாடிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இயங்குதளம் நினைவகத்தில் இடம் காட்ட வேண்டும்.

மதிய நேரத்தில் தேக்கா சந்தையின் பிரியாணிக் கடையைப் பாருங்கள். ஆள் வந்த பிறகா தட்டு தேடுகிறார்கள்? முன்பே அடுக்கி வைத்திருப்பார்கள். நெட்வொர்க் கார்டுக்கும் அப்படித்தான். பாக்கெட்டை வைக்கும் நினைவக இடங்களுக்குப் பஃபர் என்று பெயர். காலி பஃபர்களின் முகவரிகளை இயங்குதளம் ஒரு வளைய வரிசையில் எழுதி வைத்துவிடும். பாக்கெட் வந்ததும் கார்டு பிராசஸரை எழுப்பாமல் நேரே அந்த இடத்தில் கொட்டும். காலி இடம் இல்லையா? பாக்கெட் போயிற்று. தரவு தவறாமல் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறை என்றால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். வீடியோ அழைப்பு என்றால் அத்தையின் முகம் ஒரு கணம் உறைந்து நிற்கும்.

வெளியே அனுப்பும்போது நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நீங்கள் தட்டிய செய்திக்கு முன்னால் டிசிபி குறைந்தது 20 பைட் தலைப்பை (முகவரி போன்ற குறிப்புகளை) சேர்க்கும்; அதற்கு அடுத்த அடுக்குகளான ஐபி இன்னொரு 20, ஈதர்நெட் 14. எல்லாமே முன்பக்கம். ஒவ்வொரு முறையும் செய்தியைப் புது இடத்துக்கு நகலெடுத்தால் பிராசஸர் அதிலேயே களைத்துவிடும். நம் தாத்தாக்கள் கடிதம் எழுதுமுன் மேலே பிள்ளையார் சுழிக்கு இடம் விட்டார்களே, லினக்ஸ் இயங்குதளமும் அதையே செய்கிறது. பஃபரின் தலைப்பக்கம் கொஞ்சம் காலி விட்டுச் செய்தியை வைக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் 'தொடக்கம் இங்கே' என்ற குறியைப் பின்னுக்கு நகர்த்தி, கிடைத்த இடத்தில் தன் தலைப்பை எழுதுகிறது. வந்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதே குறி முன்னுக்கு நகரும். செய்தி இருந்த இடத்திலேயே இருக்கும்.

1983 இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் வேறு வழியில் போனது. 'எம்பஃப்' எனும் 128 பைட் துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்தது. தலைப்புக்கு இடம் போதாவிட்டால் முன்னால் ஒரு துண்டைக் கோத்தால் சரி. நினைவகம் தங்கம் விலை விற்ற காலம்; அந்தச் சிக்கனம் புரிகிறது.

அப்புறம், பஃபரைத் திருப்பிக் கொடுப்பது. ஒரே பாக்கெட்டை டிசிபியும் பார்க்கும், கண்காணிப்புக் கருவியும் பார்க்கும். அதனால் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று ஓர் எண்ணிக்கை உண்டு. அது பூஜ்யமானால்தான் பஃபர் காலியாகும். யாராவது ஒருவர் விட மறந்தால், அது மேசையில் கிடக்கும் எச்சில் தட்டுதான். உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைக்காதவர்கள்மீது 2021 செப்டம்பர் 1 முதல் நடவடிக்கை உண்டு. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் அப்படி அதிகாரி யாரும் சுற்றி வருவதில்லை.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சர்வர் சில நாள்களுக்கு ஒருமுறை ஊமையாகிவிடும். பிராசஸர் சும்மா இருக்கும், நினைவகமும் ஏராளம், ஆனால் இணைப்பு வராது. மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும். வெட்கத்தோடு சொல்கிறேன், இரண்டு மாதம் அதையே செய்தோம். கடைசியில் பஃபர் கணக்கை எடுத்துப் பார்த்தால், பயன்பாட்டில் உள்ளவற்றின் எண்ணிக்கை ஏறுகிறது, இறங்கவே இல்லை. பிழையான பாக்கெட் வந்தால் அதை ஒதுக்கிவிட்டுத் திரும்பிய நிரல், பஃபரை விடுவிக்க மறந்திருந்தது. சேர்த்தது ஒரே வரி.