இதயம் ஓயும் நேரத்தில் உப்பும் பலூன்

பெரிய மாரடைப்பு வந்தவர்களை உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் 108 ஆம்புலன்சில் மதுரைக்குக் கொண்டுவந்து, அடைபட்ட இரத்தக்குழாயை மருத்துவர்கள் திறந்துவிட்ட பிறகும், சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறுவதில்லை. அடைப்பு நீங்கினாலும், உயிர் பிழைத்த இதயத் தசையில் ஒரு பகுதி சில நாள்கள், சில வேளை சில வாரங்கள்கூட, செயலற்றுக் கிடப்பதுண்டு. அந்த இடைவெளியில் இதயத்துக்குத் துணை நிற்கும் கருவிகளுள் நெடுங்காலமாகப் பயன்பட்டுவருவது பலூன் பம்ப்.

இது ஆஞ்சியோபிளாஸ்டியில் அடைப்பை விரித்துவிட்டு அப்போதே வெளியே எடுக்கப்படும் சின்னப் பலூன் அன்று. தொடைத் தமனி வழியாக மேலேற்றி, இடக்கைக்கு இரத்தம் செல்லும் கிளை பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே நுனி இருக்கும்படி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயான மகாதமனிக்குள் நிறுத்தப்படும் இந்த நீண்ட பலூன், நாள்கணக்கில் அங்கேயே இருந்து, பெரியவர்களுக்கு ஏறத்தாழ 40 மில்லிலிட்டர் ஹீலியத்தால் துடிப்புக்குத் துடிப்பு உப்பிச் சுருங்குகிறது.

சூட்சுமம் முழுவதும் நேரத்தில் இருக்கிறது. இடது கீழறை சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்வதால், அத்தசைக்கு வேண்டிய இரத்தம் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் வேளையில்தான் கிடைக்கிறது. மகாதமனி வால்வு மூடிய கணத்தில் பலூன் உப்பி, அந்த வேளையின் அழுத்தத்தை உயர்த்துகிறது. அடுத்த சுருக்கத்துக்குச் சற்று முன் சட்டென வடிந்து அழுத்தத்தைத் தாழ்த்துவதால், களைத்த கீழறை குறைந்த எதிர்ப்பில் இரத்தத்தை வெளியேற்ற முடிகிறது. வால்வு மூடும் முன்பே உப்பிவிட்டால் இதயம் பலூனையும் சேர்த்துத் தள்ள நேர்ந்து, உதவியே சுமையாகிவிடும். நிமிடத்துக்கு நூறு துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.6 நொடிதான், மெல்லிய குழாயில் அவ்வளவு விரைவாகப் போய்வர எடை குறைந்த ஹீலியமே ஏற்றது. பலூன் கிழிந்தால் ஹீலியம் இரத்தத்தில் எளிதில் கரையாமல் குமிழாக நின்று குழாயை அடைக்கக்கூடும் என்ற ஆபத்தைத் தெரிந்தேதான் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

செவிலியர் இடக்கை நாடியையும் சிறுநீர் அளவையும் அடிக்கடி பார்ப்பது பலூன் இடம் நகர்ந்ததா என்று அறியத்தான்: மேலேறினால் கையின் இரத்த ஓட்டமும், கீழிறங்கினால் சிறுநீரகத்தின் ஓட்டமும் தடைபடும். குழாய் நுழைந்த காலை மடக்கக் கூடாது. அந்தப் பாதத்தின் சூடும் நாடியும் குறையாமல் இருக்க வேண்டும்.

1967இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஏட்ரியன் காண்ட்ரோவிட்ஸ் நோயாளிக்கு முதன்முதலில் பயன்படுத்திய இக்கருவியின் மேல் இருந்த நம்பிக்கையை, 2012இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு அசைத்தது. மாரடைப்பால் அதிர்ச்சி நிலைக்கு, அதாவது இதயம் தளர்ந்து உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலைக்கு, போன 600 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், 30 நாளில் நேர்ந்த இறப்புகள் பலூனால் குறையவில்லை. பலூன் தானாக இரத்தத்தை ஓட்டுவதில்லை, இதயத்தில் மிஞ்சிய துடிப்பைத்தான் சார்ந்திருக்கிறது என்பதை நினைத்தால், இதில் வியக்க அதிகமில்லை என்பேன். இடது கீழறையிலிருந்தே இரத்தத்தை உறிஞ்சி மகாதமனியில் விடும் இம்பெல்லா என்ற சுழல்பம்ப், தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் இறப்பைக் குறைத்ததாக 2024இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் இரத்தப்போக்கும் கால் இரத்த ஓட்டக் கோளாறும் அதில் கூடுதல், செலவும் பன்மடங்கு.

இதயம் தேறத் தொடங்கியதும் பலூனை ஒரேயடியாக நிறுத்திவிடுவதில்லை. அசையாமல் கிடக்கும் பலூனின் மேல் இரத்தம் உறையக்கூடும். ஒவ்வொரு துடிப்புக்கும் உப்பியதை இரண்டு துடிப்புக்கு ஒருமுறை, பிறகு மூன்றுக்கு ஒருமுறை என்று குறைத்து, அழுத்தம் நிலைத்தால் வெளியே எடுத்துவிட்டு, இரத்தம் நிற்கும்வரை தொடையின் மேற்பகுதியை அழுத்திப் பிடிக்கிறார்கள்.