புதுக்குட்டி முதலில் மூக்கின் வழியாகத்தான் வீட்டுக்குள் வர வேண்டும்

மழைக்கு மாடிப்படியின் அடியில் ஒதுங்கி நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பூனைக்குட்டியை இரக்கப்பட்டு எடுத்துவந்து, ஈரம் துடைத்து, நேரே கூடத்தில் இறக்கிவிடுகிறோம். சன்னல் திட்டில் படுத்திருந்த ஐந்து வயதுப் பெட்டைப் பூனை எழுந்து, முதுகை வில்லாக வளைத்து, வால் மயிர் சிலிர்க்க, காதுகளைத் தலையோடு ஒட்டிக்கொண்டு சீறுகிறது. குட்டி பீரோவின் அடியில் புகுந்துகொள்கிறது. வீட்டில் உள்ளவர்கள் இதைப் பொறாமை என்கிறார்கள். மூத்த பூனையைப் பொறுத்தவரை நடந்தது வேறு: தன் வாசனையால் எழுதிவைத்த எல்லைக்குள், முன்னறிவிப்பு எதுவுமின்றி, அறிமுகமில்லாத ஒரு வாசனை நுழைந்துவிட்டது.

வீட்டுப்பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் காட்டுப்பூனையாகும். சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கல்லறையில் மனிதனுக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அத்தனை நீண்ட உறவுக்குப் பிறகும் அதன் அடிப்படை இயல்பு தனித்து வேட்டையாடும் விலங்கின் இயல்பே. ஓர் எலி ஒரு பூனையின் பசிக்கே பற்றும் பற்றாததுமாக இருக்கும். அதைப் பங்குபோட யாரும் தேவையில்லை. கூட்டமாக வேட்டையாடும் ஓநாயின் வழிவந்த நாய், சண்டையைத் தணித்துச் சமாதானம் கேட்கும் உடல்மொழியை விரிவாக வளர்த்துக்கொண்டது. பூனையோ சண்டையே நேராதபடி, ஒன்றையொன்று சந்திக்காமல் விலகிப்போகும் கலையை வளர்த்துக்கொண்டது. அந்தக் கலைக்கு வேண்டிய எழுத்துதான் வாசனை.

கன்னம், நெற்றி, தாடை, வாலடி, பாதத் திண்டுகளின் இடைவெளி ஆகிய இடங்களில் பூனைக்கு மணச் சுரப்பிகள் உள்ளன. பூனை வளரும் வீட்டில் கதவு நிலையின் ஓரத்தைக் குனிந்து பார்த்தால், சுவரில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பழுப்புக் கறை தெரியும். அதன் கன்னம் நாள்தோறும் உரசிச் செல்லும் இடம் அது. 1990களில் பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் பாட்ரிக் பாஜே இந்தக் கன்னச் சுரப்பில் ஐந்து வகைக் கலவைகளைப் பிரித்தறிந்தார். அவற்றுள் ஒன்றைப் பூனை தனக்குப் பழகிய பொருள்களின்மீது பூசுகிறது. இன்னொன்றைத் தனக்குப் பழகிய உயிர்களின்மீது பூசுகிறது. பூனை நம் காலில் உரசும்போது அன்பைக் காட்டுவதோடு, தன் கூட்டத்தின் மணத்தையும் நம்மேல் தடவுகிறது.

புதுக்குட்டியைச் சேர்ப்பதற்கான வழியும் இங்கேதான் இருக்கிறது. உணவு தாராளமாகக் கிடைக்கும் பண்ணைகளிலும் துறைமுகங்களிலும் பெட்டைப் பூனைகள் தாய், மகள், சகோதரி என்று கூட்டமாக வாழ்வதும், ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டுவதும் உண்டு. ஒன்றோடொன்று உரசி உருவாக்கிக்கொள்ளும் பொது மணமே அந்தக் கூட்டத்தின் அடையாளச் சீட்டு. குட்டிக்கு நாம் பெற்றுத்தர வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.

ஆகவே குட்டி முதலில் கதவு மூடிய ஓர் அறையில், தனக்கென உணவு, தண்ணீர், மணல் தட்டு ஆகியவற்றோடு இருக்க வேண்டும். இதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. பேச்சு வழக்கில் பூனைப் பார்வோ எனப்படும் பான்லியூக்கோபீனியா என்னும் வைரஸ் தொற்றுநோயின் அறிகுறிகள் தொற்றிய பின் சில நாள்கள் கழித்தே வெளிப்படும். அந்த வைரஸ் துணி, பாத்திரம், நம் கை வழியாகவும் பரவக்கூடியது. இதனால் வாசனையை அறிமுகப்படுத்த ஒரு பூனையைத் துடைத்த துணியை மற்றொன்றின் இடத்தில் போடலாம் என்ற நல்ல யோசனையைக்கூட முதல் நாளே செயல்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குட்டியைக் கால்நடை மருத்துவர் பரிசோதித்து, இரண்டு வாரங்கள் நலமாகக் கழிந்து, மூத்த பூனையின் தடுப்பூசியும் காலாவதியாகவில்லை என்று உறுதியான பிறகே துணி கைமாறலாம்.

அந்த நாளில், குட்டியின் கன்னத்தை மெல்லத் துடைத்த துணியை மூத்த பூனையின் வழியில் போட்டுவிட்டு விலகி நின்று கவனியுங்கள். அது கழுத்தை நீட்டி முகர்ந்து, பிறகு மேலுதட்டைச் சுருக்கி, வாயைச் சற்றே திறந்தபடி சில நொடிகள் உறைந்து நிற்கலாம். மேல் முன்பற்களுக்குப் பின்னால் உள்ள நுண்துளைகளின் வழியே மணத்தை, அதைப் பகுத்தறியும் ஜேக்கப்சன் உறுப்புக்கு அனுப்பி, வந்தது யார் என்று அது ஆராய்கிறது. சீறிவிட்டுப் போனாலும் குற்றமில்லை; மறுநாளும் அதே துணி அங்கே கிடக்கட்டும். முகர்ந்துவிட்டு அசட்டையாக நடந்துபோகும் நாளே முன்னேற்றத்தின் நாள்.

அடுத்து, மூடிய கதவின் இரு புறமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உணவு வைக்க வேண்டும். முதலில் ஐந்தாறு அடி தள்ளி வைத்து, நாள்தோறும் கதவை நோக்கித் தட்டைச் சிறிது நகர்த்தினால், அந்நிய மணமும் வயிறு நிறையும் இன்பமும் மூளையில் இணைந்துவிடும். உண்ண மறுத்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். தட்டைப் பின்னுக்கு இழுத்துவிடலாம். இது நிலைத்த பிறகே கம்பிவலை வழியாகப் பார்வையும், அதற்கும் பிறகே நம் கண்காணிப்பில் நேர்ச் சந்திப்பும் வர வேண்டும்.

சீறுவதற்காக மூத்த பூனையை அடிப்பதும் அதட்டுவதும் பெருந்தவறு. சீறல் என்பது ‘எட்ட நில்’ என்ற எச்சரிக்கை. கடிக்காமல் காரியம் முடிப்பதற்காகவே அது சீறுகிறது. அந்த நேரத்தில் விழும் அடியை அது குட்டியின் வாசனையோடுதான் சேர்த்து நினைவில் வைக்கும். மாறாக, அது ஓசையின்றிக் குட்டியின் வழியை மறித்துக்கொண்டு உற்றுப் பார்ப்பதற்கே நாம் அஞ்ச வேண்டும். இரண்டு பூனைகளுக்கு மூன்று மணல் தட்டுகளை வெவ்வேறு இடங்களில் வைப்பது ஒரே பூனை எல்லா வழிகளையும் மறித்துவிடாமல் இருப்பதற்காகத்தான். மூத்த பூனை மணல் தட்டை விட்டுச் சோபாவில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால் அதைப் பழிவாங்கல் என்று எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மன அழுத்தத்தால் பூனையின் சிறுநீர்ப்பை உண்மையிலேயே வீங்கி வலிக்கக்கூடும்.

சில வீடுகளில் இவை மூன்று வாரங்களில் முடியும். சில வீடுகளில் மாதங்கள் ஆகும். சில பூனைகள் கட்டிப்பிடித்து உறங்காமல், ஒரே கட்டிலின் இரு முனைகளில் படுப்பதோடு நிறுத்திக்கொள்ளும். அதுவும் முழுமையான வெற்றியே. அதன் பிறகு ஒரு நாள் கதவு நிலையின் ஓரத்தை மறுபடியும் குனிந்து பாருங்கள். பழைய கறைக்குச் சில விரல்கடை கீழே, குட்டியின் கன்ன உயரத்தில், இன்னொரு கறை படியத் தொடங்கியிருக்கும்.