சின்னப் படகில் பெட்ரோல் ஜெனரேட்டர்: பிரிட்டனின் படகுப் பாதுகாப்புத் திட்டம் என்ன கேட்கிறது?

இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் படகு வைத்திருக்க உரிமம் வேண்டும். உரிமம் கிடைக்க வேண்டுமானால் காப்பீடும், படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். இந்தத் திட்டத்தைப் படகுக்காரர்கள் பி.எஸ்.எஸ். என்றுதான் சொல்வார்கள். காருக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனை போல, படகுக்கு இது. ஆனால் பொதுவாக 4 ஆண்டுக்கு ஒரு முறை. அப்போது கால்வாய்களை நிர்வகித்த பிரிட்டிஷ் வாட்டர்வேஸும் சுற்றுச்சூழல் முகமையும் சேர்ந்து 1997-இல் தொடங்கிய திட்டம் இது. 2012-இல் கால்வாய்கள் கெனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கைக்கு வந்தபோது திட்டத்தில் பாதிப் பொறுப்பும் அதனிடம் வந்தது. நார்ஃபோக் பக்கத்து பிராட்ஸ் ஏரிகளிலும் இதே சான்றிதழைத்தான் கேட்கிறார்கள்.

கேஸ் குழாய், மின்கம்பி, அடுப்பு, தீயணைப்பான் என்று திட்டத்துக்குப் பல பகுதிகள் உண்டு. அத்தனையையும் இங்கே சொல்லப் போவதில்லை. கையில் தூக்கிப் போகிற பெட்ரோல் ஜெனரேட்டரைப் பற்றி மட்டும்தான் பேச்சு. காரணம் இருக்கிறது. கேஸ் குழாயும் மின்கம்பியும் படகோடு சேர்ந்தவை. பரிசோதகர் பார்த்த நாளில் எப்படி இருந்தனவோ, ஏறக்குறைய அப்படியே அடுத்த சில ஆண்டும் இருக்கும். ஜெனரேட்டர் அப்படி இல்லை. வெளியே எடுத்து ஓட்டி, திரும்ப ஓர் இடத்தில் வைக்கிற சாமான் அது. எங்கே வைப்பது, எங்கே ஓட்டுவது என்று ஒவ்வொரு தடவையும் நாம்தான் முடிவெடுக்கிறோம். அந்த முடிவைச் சான்றிதழ் நமக்காக எடுத்துத் தராது.

படகில் ஜெனரேட்டர் எதற்கு என்று கேட்கலாம். கால்வாய்க்கரையில் கட்டி நிற்கிற படகுகளில் பலவற்றுக்குக் கரை மின்சாரம் கிடையாது. கோடையில் கூரை மேலிருக்கும் சோலார் தகடு போதும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், பேட்டரி ஏறாது. இன்ஜினை ஓட்டி ஏற்றலாம், அல்லது 1 கிலோவாட், 2 கிலோவாட் அளவில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வாங்கலாம். 2 கிலோவாட் என்றால் சுமார் 20 கிலோ கனம். ஒரே ஆள் தூக்கிவிடலாம். ஊரில் கரண்ட் போனால் கடை வாசலில் ஜெனரேட்டரை இழுத்துப் போட்டு ஓட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றும் இருப்பதாகத் தோன்றாது. ஆனால் அது திறந்த தெரு. இங்கே நேரோபோட் என்ற ஒடுங்கிய இரும்புப் படகின் அகலம் 7 அடிக்கும் சற்றுக் குறைவு. படுக்கை, சமையல், உட்காருமிடம் எல்லாம் அந்த ஒரே குழாய் போன்ற அறைக்குள். குளிருக்குப் பயந்து சன்னலையும் மூடியிருப்போம்.

ஆபத்து இரண்டு வழியில் வருகிறது. நிற்கும்போது பெட்ரோல் ஆவி, ஓடும்போது கார்பன் மோனாக்சைடு. இரண்டுக்கும் திட்டம் சொல்லும் பதிலின் சாரம் ஒன்றுதான்: ஆவியோ புகையோ படகின் உள்ளறைக்குள் வர வழியே இருக்கக் கூடாது.

வைக்கும் இடம்

பெரும்பாலான கால்வாய்ப் படகுகள் டீசலில் ஓடுபவை. டீசலோடு பழகிய கை பெட்ரோலையும் அப்படியே கையாளும். அங்கேதான் சிக்கல். டீசல் சாதாரண வெப்பநிலையில் எளிதில் தீப்பற்றுகிற அளவுக்கு ஆவி விடாது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையில் வைத்த ஜெனரேட்டரின் மூடி வழியாகக் கொஞ்சம் கசிந்தாலும், அது மேலே போய்க் கலையாமல் படகின் அடிப்பள்ளத்தில் இறங்கித் தேங்கும். வீட்டுத் தரையில் தேங்கினால் கதவைத் திறந்துவிட்டால் வெளியே வழிந்துவிடும். படகின் அடிப்பகுதிக்குக் கதவு இல்லை. அங்கேதான் தண்ணீர் இறைக்கும் பம்பு, அதன் சுவிட்சு, பேட்டரி இணைப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு பொறி போதும். காற்றில் ஒன்றரை சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாக ஆவி கலந்தாலே வெடிக்கத் தயார்.

அதனால் பெட்ரோல் டேங்க் உள்ள எந்தக் கையடக்க இயந்திரத்தையும், அது ஜெனரேட்டரோ, படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைக் கழற்றி வைத்ததோ, உபயோகிக்காத நேரத்தில் இரண்டு இடங்களில் மட்டும் வைக்கலாம் என்கிறது திட்டம். ஒன்று, திறந்த மேல்தளம்; கசிந்தாலும் ஆவியானாலும் நேராகப் படகுக்கு வெளியே போய்விடுகிற மாதிரி. இரண்டு, கேஸ் சிலிண்டருக்குச் செய்வது போன்ற பெட்டி: மேலே திறக்க வேண்டும், உள்ளறைப் பக்கம் ஆவி புகாத சுவர் வேண்டும், அடியிலிருந்து வெளியே வடிகிற துளை வேண்டும். தனியாக வைத்திருக்கும் பெட்ரோல் கேனுக்கும் இதே விதிதான்.

முன்தளத்தில் துணிக்கூடாரம் போட்டு மூடியிருந்தால் அது திறந்த தளம் என்று சொல்ல முடியுமா? மூடிய கூடாரத்துக்குள் ஆவி தேங்கும். பக்கத்திலேயே உள்ளறைக் கதவு. நான் அங்கே வைக்க மாட்டேன். அதேபோல் பின்தளத்துப் பலகைக்குக் கீழே இன்ஜின் அறை. அங்கே ஒதுக்கமாக இடம் இருக்கும். மழை படாது, திருடன் கண்ணிலும் படாது. அந்த வசதிக்காகவே பலருக்கும் கை அங்கே போகிறது. சூடான இன்ஜின், பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்கிற அந்தக் குழிக்குள் பெட்ரோல் ஜெனரேட்டரை வைப்பதைவிட மோசமான இடம் படகில் இல்லை. ஏற்கெனவே சிலிண்டர் இருக்கும் கேஸ் பெட்டியில் திணிப்பதும் சரியல்ல; ரெகுலேட்டரில் இடிக்கும், அடித் துளையையும் அடைக்கும். திருட்டுப் பயம் இருந்தால் மேல்தளத்திலேயே ஒரு வளையம் பற்றவைத்துச் சங்கிலி போடுங்கள்.

கேனுக்கும் அளவு உண்டு. 2014-ஆம் ஆண்டுப் பெட்ரோலிய ஒழுங்குமுறைகளின்படி, வேலையிடமல்லாத இடத்தில் யாருக்கும் தெரிவிக்காமல் மொத்தம் 30 லிட்டர் வரை வைக்கலாம். பிளாஸ்டிக் கேன் என்றால் ஒன்றில் 10 லிட்டர், உலோகக் கேன் என்றால் 20 லிட்டர்தான் உச்சம். பெட்ரோலுக்கென்றே செய்த கேனாக இருக்க வேண்டும். தண்ணீர்ப் புட்டியும் எண்ணெய் டின்னும் உதவாது. சட்டம் 30 லிட்டர் அனுமதிக்கிறது என்பதற்காக அத்தனையையும் வாங்கி அடுக்க வேண்டியதில்லை. சின்ன ஜெனரேட்டருக்கு 5 லிட்டர் கேன் ஒன்று இருந்தால் பல நாள் ஓடும்.

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் கெடுக்கும். தண்ணீர் மேலேயே இருக்கிற ஒரு சாமானுக்கு இது சாதாரண விஷயமில்லை. பழைய ஜெனரேட்டர் என்றால் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள்: பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் மாற்ற வேண்டிய நேரம். குளிர்காலம் முடிந்து எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்துவிடுவது நல்லது.

பெட்ரோல் ஊற்றுவது கரையில்தான். படகின் மேல் ஒருபோதும் வேண்டாம். ஜெனரேட்டரை நிறுத்தி, ஆறவிட்டு, கரையில் இறக்கி, பக்கத்தில் சிகரெட்டோ எரிகிற அடுப்பின் புகைபோக்கியோ இல்லை என்று பார்த்து ஊற்றுங்கள். சூடான சைலன்சர் மேல் நாலு சொட்டு சிந்தினால் போதும்.

ஓட்டும் இடம்

2013 ஏப்ரல் 1, ஈஸ்டர் விடுமுறை. வடமேற்கு இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் ஒரு மோட்டார்ப் படகில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாயும் அவருடைய 10 வயது மகளும் கார்பன் மோனாக்சைடால் இறந்துபோனார்கள். கடல்சார் விபத்து விசாரணைப் பிரிவு ஆராய்ந்து கண்டது இதுதான்: வெளியில் வைத்து ஓட்டுவதற்கென்று செய்த பெட்ரோல் ஜெனரேட்டரை இன்ஜின் அறைக்குள் பொருத்தி, அதற்கு ஒரு புகைக்குழாயைக் கைவேலையாகச் செய்து மாட்டியிருந்தார்கள். அந்தக் குழாய் கழன்றுபோனது. புகை உள்ளறைக்குள் வந்தது. படகில் மோனாக்சைடு உணரி இருந்தும் அது அவர்களை எழுப்பவில்லை.

இதைப் படிக்கும்போது மனசு கனக்கிறது. செய்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. குழாய் போட்டுப் புகையை வெளியே விட்டுவிட்டோம், பத்திரம் என்று நினைத்திருப்பார். கையடக்க ஜெனரேட்டரை நிலையான ஜெனரேட்டராக மாற்ற முடியாது. நிலையாகப் பொருத்துவதற்கென்று தனி வகை இருக்கிறது. அதற்குக் குளிர்விப்பு, புகைக்குழாய், எரிபொருள் இணைப்பு எல்லாமே வேறு.

மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி என்று ஆரம்பிக்கும். சளி பிடித்திருக்கிறது, கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று நினைக்கத் தோன்றும். படுப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

ஆகவே ஜெனரேட்டர் ஓட வேண்டிய இடம் கரை. மேல்தளமும் வேண்டாம், கூரையும் வேண்டாம். கூரை மேல் வைத்து ஓட்டுவதை அடிக்கடி பார்க்கலாம். கூரையில் காற்றுத் திறப்புகள் இருக்கின்றன, புகை அதன் வழியாக இறங்கும். கரையில் இறக்கி, காற்று படகிலிருந்து ஜெனரேட்டரை நோக்கி வீசுகிற பக்கமாக, புகைக்குழாய் படகைப் பார்க்காத மாதிரி வையுங்கள். எவ்வளவு தூரம் என்றால், வீடுகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது குறைந்தது 20 அடி. படகுக்கும் அதை மனதில் வைத்து வயரின் நீளத்தை வாங்கலாம். காற்று திசை மாறும். நடுவில் ஒரு தடவை வெளியே போய்ப் பாருங்கள். பக்கத்துப் படகின் சன்னலையும் பாருங்கள். நம் புகை அவர்கள் படுக்கைக்குப் போகக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தைத் திட்டமே யோசித்திருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல், தங்கும் அறை உள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அடுப்போ ஹீட்டரோ இல்லாத படகுக்கும் ஏன் என்றால், பக்கத்தில் கட்டியிருக்கும் படகின் இன்ஜினோ ஜெனரேட்டரோ விடும் புகையும் உள்ளே வரலாம் என்பதால்தான். அறையில் எங்கே இருந்தாலும் சத்தம் கேட்கிற மாதிரி அலாரம் இருக்க வேண்டும். படகுகளுக்கான தரம் பி.எஸ். இ.என். 50291-2, வாங்கும்போது பெட்டியில் இந்த எண்ணைப் பாருங்கள். பின்பக்கம் மாற்ற வேண்டிய தேதி அச்சிட்டிருக்கும். தாண்டியிருந்தால் பொத்தானை அமுக்கும்போது சத்தம் வந்தாலும் அதை நம்ப வேண்டாம். பொத்தான் காட்டுவது பேட்டரியும் ஒலிப்பானும் வேலை செய்கின்றன என்பதை மட்டும்தான்.

இன்னொன்று: இந்த அலாரம் பெட்ரோல் ஆவியைக் கண்டுபிடிக்காது. பெட்ரோல் வாசனை வந்தால் அலாரம் அடிக்கவில்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். சுவிட்சு எதையும் தொடாமல் வெளியே வாருங்கள். மோனாக்சைடு அலாரமே அடித்தால், கதவைத் திறந்து எல்லோரையும் கரைக்கு அழைத்து வந்து, எட்டும் தூரத்தில் இருந்தால் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். யாருக்காவது தலைசுற்றலோ குமட்டலோ இருந்தால் அவசர உதவிக்கு 999-ஐ அழையுங்கள்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக. ஜெனரேட்டர் தருவதும் 230 வோல்ட்தான். கரை மின்சாரம், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் என்று பல மூலங்கள் இருந்தால், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் படகின் கம்பிகளோடு சேர்கிற மாதிரித் தேர்வு சுவிட்சு வேண்டும். வயரின் படகுப் பக்க முனையில் துளைதான் இருக்க வேண்டும், குச்சி இருக்கக் கூடாது. இரண்டு முனையிலும் குச்சி உள்ள வயரை யாராவது செய்து கொடுத்தால் வாங்காதீர்கள்; ஒரு முனை கையில் இருக்கும்போது அந்தக் குச்சியில் மின்சாரம் இருக்கும், தொட்டால் ஷாக். சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் இருக்கும். அப்போது படகில் உள்ள ஆர்.சி.டி., அதாவது மின்கசிவு கண்டால் இணைப்பை வெட்டும் சுவிட்சு, நினைத்தபடி வெட்டாது. படகு மின்வேலை தெரிந்தவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது அவசியம்.

சத்தத்துக்கும் விதி உண்டு. மற்றவர்கள் காதுக்கு எட்டுகிற தூரத்தில் கட்டியிருக்கும்போது, இரவு 8 முதல் காலை 8 வரை இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓட்டக் கூடாது என்கிறது கெனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட்டின் உரிம நிபந்தனை. இது அயலாருக்காக வந்த விதி என்றாலும், தூங்கும் நேரத்தில் புகை விடும் இயந்திரம் எதுவும் ஓடாமல் இருப்பது நமக்கும் காப்பு.

பரிசோதனை நாள்

பி.எஸ்.எஸ். இணையதளத்தில் பரிசோதகர்களின் பட்டியல் இருக்கிறது. யாரை அழைப்பது என்பது உங்கள் விருப்பம். கட்டணத்தை அவரவரே நிர்ணயிப்பதால் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுக்கொள்ளலாம். புதிதாக வாங்கிய, உரிய தரச் சான்றோடு வந்த படகுக்கு முதல் 4 ஆண்டு இந்தச் சோதனை தேவையில்லை.

சிலர் அந்த நாளில் ஜெனரேட்டரை நண்பர் வீட்டில் விட்டுவிடுவார்கள், கேள்வி வராதே என்று. சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் அடுத்த நாள் அதே ஜெனரேட்டர் இன்ஜின் குழிக்குத் திரும்பினால் அந்தத் தாளால் என்ன பயன்? சான்றிதழ் செல்லும் காலம் முழுவதும் படகை அந்த நிலையில் வைத்திருப்பது உரிமையாளர் பொறுப்பு. எனவே ஜெனரேட்டரையும் கேனையும் வழக்கமாக வைக்கும் இடத்திலேயே விட்டு, பரிசோதகரிடம் காட்டி, இந்த இடம் சரியா என்று கேளுங்கள். பெட்டியின் அடித் துளை எங்கே வெளியேறுகிறது, அடைத்திருக்கிறதா என்பதை அவர் குனிந்து பார்க்கும்போது நீங்களும் கூட இருந்து பாருங்கள்.