‘லைவ் போனதுதானே, அங்க கிடக்கும்’

பேஸ்புக்கில் லைவ் போன நிகழ்ச்சி வீடியோ அங்க கிடக்காது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்க வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள்தான் மறுகா மெமரி கார்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருகிறவர்கள்.

மட்டக்களப்பு டவுனில் பழைய கசெட்டுகளைக் கொம்பியூட்டருக்கு மாற்றுவதும், பழுதான மெமரி கார்ட், ஹார்ட் டிஸ்க்குகளில் இருந்து எடுக்கக்கூடியதை எடுத்துக் கொடுப்பதும் என் தொழில். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் சடங்கு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாம் வரும். ஆனால் நிதி சேர்க்க நடத்திய நிகழ்ச்சிகள்தான் ஆக மோசமான நிலையில் வருகின்றன. கலியாணத்துக்குக் காசு கொடுத்த தகப்பன் ஒருவர் இருக்கிறார், வீடியோ கைக்கு வரும் வரை அவர் கமராக்காரரை விடமாட்டார். தர்மத்துக்கு நடத்திய நிகழ்ச்சியில் கமராக்காரரும் இனாம், எடிட்டரும் இனாம். யாரும் யாரிடமும் அழுத்திக் கேட்பதில்லை. வீடியோவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஐந்து பேர் இன்னும் ஐந்து பேரைக் காட்டுவார்கள்.

கடைசியாக வந்தது ஒரு ரொக் பாண்டின் நிகழ்ச்சி. டித்வா புயல் வெள்ளத்தில் வீடு வாசல் போன குடும்பங்களுக்காகப் பையன்மார் கூடி நடத்தியது. ஆட்களை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டரை மணித்தியால நிகழ்ச்சி, நல்ல சனம். கனடா, சுவிஸில் இருந்து காசு அனுப்பியவர்களின் பெயர்களை மேடையில் வாசித்திருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து அவர்களில் ஒருவர் வீடியோவைக் கேட்டபோதுதான் தேடல் தொடங்கியது. இன்று மிஞ்சியிருப்பது பின்பகுதியில் முக்கால் மணித்தியாலம் சொச்சம், அதுவும் துண்டு துண்டாக. பாண்ட் மேடை ஏறியது அதில் இல்லை. பெயர் வாசித்ததும் அதில் இல்லை. பாவம், காசு கொடுத்தவர் கேட்டது அதைத்தான்.

“ஏன் தம்பி அன்றைக்கே கொப்பி எடுக்கல?”

“லைவ் போனதுதானே அண்ணன், அங்க கிடக்கும் எண்டு நினைச்சம்.”

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆகவே இதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

2025 பெப்ரவரி 19 இல் இருந்து பேஸ்புக் லைவ் வீடியோக்களை 30 நாள்தான் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு தானாகவே அழித்துவிடும். யாரும் ரிப்போர்ட் அடிக்கவில்லை, யாரும் ஹெக் பண்ணவில்லை, உங்கள் பேஜில் ஒரு கோளாறும் இல்லை. அது அவர்களின் விதி. அந்தத் திகதிக்கு முன்னர் போட்ட பழைய லைவ்களையும் கட்டம் கட்டமாக எடுக்கப் போவதாகவும், எடுக்க முன்னர் பேஜ் வைத்திருப்பவருக்கு மின்னஞ்சலிலும் பேஸ்புக்கிலும் அறிவிப்பதாகவும் சொன்னார்கள். அந்த மின்னஞ்சலை நீங்கள் கடைசியாகத் திறந்தது எப்போது? கழகத்தின் பேஜைத் தொடங்கிய பையன் கட்டாருக்குப் போய்விட்டான், கடவுச்சொல்லும் அவனோடு போய்விட்டது. அறிவிப்பு வந்தும் என்ன?

சரி, 30 நாளுக்குள் இறக்கிவிட்டீர்கள் என்றே வைப்போம். இறக்குங்கள், நல்லதுதான். ஆனால் லைவில் இறங்குவது உங்கள் நிகழ்ச்சியின் மூலப் பதிவு அல்ல. மண்டபத்தில் சில நூறு போன்கள் ஒரே சிக்னல் கோபுரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, உங்கள் போன் அனுப்ப முடிந்ததை மட்டும் அனுப்பியிருக்கிறது. சிக்னல் விழுந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது நிற்கும். அடுத்தவர் பாட்டைப் பாடினால் உரிமைப் பிரச்சினை என்று அந்த இடத்துச் சத்தத்தையே பேஸ்புக் அமத்தலாம். கிற்றார்காரர் உயிரைக் கொடுத்து வாசிப்பார், ஊமைப் படமாக ஓடும். ரொக் பாண்ட் நிகழ்ச்சியில் சத்தம் இல்லாத வீடியோவை வைத்து என்ன செய்வது?

“அப்ப வட்ஸ்அப் குறூப்பில கிடக்கே” என்பார்கள் அடுத்ததாக. அதில் கிடப்பது சுருக்கிப் பிழிந்த பிரதி. மேடையில் நிற்கிறவரின் முகத்தை அதில் தேடவேண்டும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை உள்ளதை உள்ளபடி போகும்.

அந்தப் பையன்மாரின் கார்ட்டுக்கு வருகிறேன். நிகழ்ச்சியைப் பிடித்த பிரதான கமரா செக்கனுக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிந்திருக்கிறது. அப்படியென்றால் மணித்தியாலத்துக்கு 22.5 ஜிபி. இரண்டரை மணித்தியாலத்துக்கு 64 ஜிபி கார்ட் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். அடுத்த நாள் கமராக்காரருக்கு ஒரு சாமத்திய வீடு. அதே கார்ட்டை போர்மட் அடித்து ஒரு மணித்தியாலம் பிடித்தார். போர்மட் அடித்த கார்ட்டில் கமரா பொதுவாகத் தொடக்கத்தில் இருந்துதான் எழுதும். ஆகவே பாண்ட் மேடை ஏறிய இடத்தில் இப்போது ஒரு பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிறார்கள். வீடியோ அருமையாக வந்திருக்கிறது, ஒரு குறை சொல்ல ஏலாது.

போர்மட் அடித்ததற்காக நான் அந்தக் கமராக்காரரைத் திட்டவில்லை. அவர் தொழில் அது. கார்ட் வெறுமையாக்கும் முன் கொப்பி எடுத்தாயிற்றா என்று கேட்க ஒருவரும் இல்லாததுதான் பிழை.

அதற்குப் பிறகும் ஒன்றரை மணித்தியாலம் கார்ட்டில் இருந்திருக்கும். அழித்ததோ போர்மட் அடித்ததோ, மேலே வேறொன்று எழுதப்படும் வரை கிடக்கும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும், யூடியூப் பார்க்கிறார்கள். பாதி தெரிந்ததுதான் வில்லங்கம். மீட்கிற சொப்ட்வெயர் ஒன்றை இறக்கி, அகப்பட்டதையெல்லாம் அந்தக் கார்ட்டிலேயே சேவ் பண்ணியிருக்கிறார்கள். அந்தக் கார்ட்டிலேயே! மீட்ட ஒவ்வொரு துண்டும் இன்னும் மீட்காத துண்டின் மேல் போய் உட்கார்ந்தது. ஒன்றரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலமானது அப்படித்தான்.

பிறகு வழமையான கேள்வி: கொழும்புக்கு அனுப்பினால்? சிங்கப்பூருக்கு அனுப்பினால்? கார்ட் உடைந்திருந்தால், கொம்பியூட்டர் கார்ட்டையே காணவில்லை என்றால், கார்ட்டை இயக்குகிற கொன்ட்ரோலர் எரிந்திருந்தால் அனுப்பலாம். சிப்பைக் கழற்றி நேரடியாக வாசிக்கிற கூடங்கள் இருக்கின்றன. மேலெழுதப்பட்டதை எங்கே கொண்டுபோனாலும் எடுக்க முடியாது. காசைக் கொடுத்து ஏமாற வேண்டாம். லப்டொப்பில் எஸ்எஸ்டி (சிப்பில் பதிகிற புதுவகை டிஸ்க்) என்றால் நிலைமை இன்னும் மோசம், டிலீட் செய்த இடத்தை அது தானே துடைத்துவிடும். போனில் டிலீட் பண்ணியதை ஐபோன் ‘அண்மையில் நீக்கியவை’ பகுதியில் 30 நாளாவது வைத்திருக்கும். கூகுள் போட்டோஸ் பேக்கப் ஆனதை 60 நாள் குப்பையில் வைத்திருக்கும். அந்தத் தவணை கடந்தால் கடைக்கு வரவேண்டாம், போனுக்குள் எல்லாம் மறைகுறியாக்கப்பட்டிருக்கும், எடுக்க ஏலாது.

இது பெரிய இடத்திலும் நடக்காததல்ல. எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 1985 யூலை 13 இல் லண்டன் வெம்ப்ளியிலும் பிலடெல்பியாவிலும் நடந்த லைவ் எயிட் நிகழ்ச்சியில் த ஹூ என்ற ஆங்கில ரொக் பாண்டின் முறை வந்தது. ஏற்கெனவே பிரிந்துபோன பாண்ட், அன்றைக்காகவே மறுபடி சேர்ந்தவர்கள். முதற் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும்போதே மின்கோளாறால் வெம்ப்ளி மேடையில் இருந்து போன ஒளிபரப்பு அறுந்தது. திரும்ப வந்தபோது இரண்டாவது பாட்டு முடியப்போகிறது. உலகமே பார்த்த நிகழ்ச்சி, 2004 இல் டிவிடியாக வந்தபோது அந்த இரண்டு பாட்டும் அதில் இல்லை. அங்கே போனது மின்சாரத்தால். இங்கே போனது ஒரு 64 ஜிபி கார்ட் வாங்கச் சோம்பல்பட்டதால்.

பையன்மாருக்கு ஒரு வழி சொன்னேன், அது ஓரளவு பலித்தது. சவுண்ட் போட்டவரைப் பிடியுங்கள் என்றேன். இப்போதைய டிஜிட்டல் மிக்சர்கள் பலவற்றில் பென் டிரைவ் செருகினால் முழு நிகழ்ச்சியின் சத்தமும் பதியும், சவுண்ட்காரர்கள் தங்களுக்கென்று பதிந்து வைப்பதும் உண்டு. அவரிடம் இரண்டரை மணித்தியாலச் சத்தமும் சுத்தமாகக் கிடந்தது. பெயர் வாசித்ததும் அதில் இருக்கிறது. இனிப் பார்க்க வந்தவர்களின் போனில் கிடக்கிற சின்னச் சின்னக் கிளிப்களை எடுத்து, சத்தத்தோடு பொருத்தி ஒட்டவேண்டும். ஏறாவூரில் இருந்து ஒரு தங்கச்சி இரண்டு பாட்டை முழுதாகப் பிடித்து வைத்திருந்தார். ஆனால் இப்படிக் கேட்பதென்றால் அந்தக் கிழமையே கேளுங்கள். இரண்டு மாதம் போனால் பாதிப்பேர் போனில் இடமில்லை என்று அழித்திருப்பார்கள்.

பழைய கசெட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். 2004 சுனாமிக்குப் பிறகு ஊரூராக நிதிக்கு நடந்த நிகழ்ச்சிகளை அந்தக் காலத்து மினி டிவி (MiniDV) கசெட்டில் பிடித்து அலுமாரிக்கு மேலே வைத்தவர்கள் கல்லடி தொடங்கி அக்கரைப்பற்று வரை இருக்கிறார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. இந்தக் காற்றில் நாடா பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெள்ளையாகப் பூத்திருந்தால் தயவுசெய்து ‘ஒருக்காப் போட்டுப் பார்ப்பம்’ என்று பிளேயரில் போடாதீர்கள். நாடாவும் போகும், அதை வாசிக்கிற ஹெட்டும் போகும், அடுத்து போடுகிற நல்ல கசெட்டும் போகும். பெரிய விஎச்எஸ் கசெட் வைத்திருப்பவர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும். விஎச்எஸ் டெக் செய்த கடைசிக் கம்பனியான ஜப்பானின் புனாய் 2016 இல் நிறுத்திவிட்டது. ஓடுகிற மெஷின்கள் குறைந்துகொண்டே போகின்றன, உதிரிப்பாகம் இல்லை. மினி டிவி ஒரு மணித்தியாலம் கொம்பியூட்டருக்கு வந்தால் 13 ஜிபி அளவுதான். ஒரு பென் டிரைவில் அடங்குகிற விஷயத்தை இருபது வருடமாக அலுமாரியில் நனைய விட்டிருக்கிறீர்கள்.

இனி நிகழ்ச்சி வைக்கிறவர்கள் செய்யவேண்டியது. மேடைக்கும் சவுண்டுக்கும் ஆள் பிரிக்கும்போதே பதிவுக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். கமராக்காரராக இருக்கத் தேவையில்லை, பிடிவாதக்காரராக இருந்தால் போதும். மண்டபம் பூட்டுமுன் அவர் லப்டொப்பில் ஒரு கொப்பி, வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு கொப்பி எடுக்கவேண்டும். இரண்டையும் திறந்து, தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்ட்டைக் கமராக்காரரிடம் கொடுக்கலாம். இரண்டு கொப்பியும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. வெள்ளம் இரண்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும், மட்டக்களப்பில் இதை நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1 டிபி என்று எழுதி ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற கார்ட்டை வாங்காதீர்கள். உள்ளே பெரும்பாலும் அதில் பத்திலொன்றுகூட இராது, நிறைந்த பிறகு பதிந்தது எல்லாம் காற்றில். பற்றரி முடியும்போது கமராவை இழுத்துக் கழற்றாதீர்கள். பதிவை நிற்பாட்டுங்கள், சிவப்பு லைட் அணையட்டும். அதற்கிடையில் கழற்றினால் கோப்பு இருக்கும், ஓடாது.

நனைந்த ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கவேண்டாம். நனைந்த எதையும் அரிசிச் சாக்குக்குள் புதைக்கவும் வேண்டாம்.

பதிவில் ஏதும் பிழையாகிவிட்டால் உடனே நிறுத்துங்கள். கார்ட்டைக் கழற்றி ஒரு கடதாசியில் சுற்றி வையுங்கள், பரிசோதனை ஒன்றும் செய்யாதீர்கள். என்னிடம் வரும்போது கார்ட்டை மட்டும் கொண்டு வராமல், அதைப் பிடித்த கமராவையும் கொண்டு வாருங்கள். அதே செட்டிங்கில் வேறொரு கார்ட்டில் ஐந்து நிமிடம் பிடித்த நல்ல வீடியோ ஒன்றும் வேண்டும். உடைந்த கோப்பை அதை வைத்துத்தான் ஒட்டவேண்டியிருக்கிறது. சார்ஜரை மறந்துவிட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன், கோபிக்கக்கூடாது.