சமோவார்: சமமாக வார்ப்பது அல்ல

ரஷ்யாவின் தூலா நகரில் ஒரு சின்ன உணவகம், பழைய மரவீடு, மொத்தமே ஆறு மேசை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரஷ்ய எழுத்துகளைத் தட்டுத்தடுமாறிக் கூட்டிப் படிக்க மட்டும்தான் எனக்குத் தெரியும். உணவுப் பட்டியலை அப்படிப் படித்துக்கொண்டே போனபோது கண்ணில் பட்டது இது: வரேனிகி, வரேன்யே, ஸவார்க்கா, சமோவார். நாலிலும் ஒரே வேர்.

‘வரீத்’ என்றால் காய்ச்சுவது, நீரில் வேகவைப்பது. அதனால் வரேனிகி என்றால் வெந்தது, நம் கொழுக்கட்டைக்கு உறவு என்று சொல்லலாம், உள்ளே உருளைக்கிழங்கோ செர்ரியோ இருக்கும் (பலகாரம் உக்ரேனியருடையது). வரேன்யே சர்க்கரைப் பாகில் காய்ச்சிய பழம். இனி சமோவார், ரஷ்யர்கள் டீக்கு வெந்நீர் காய்ச்சும் பாத்திரம். ‘சம்’ என்றால் தான், ‘வார்’ என்றால் காய்ச்சுவது, ஆக ‘தானே காய்ச்சுவது’. ரஷ்யர்கள் சொல்லும்போது ‘சமவார்’ என்றே காதில் விழுகிறது. எல்லோருக்கும் சமமாக வார்ப்பதால் சமவார், இது தமிழ்தான் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: இல்லை. தோசை வார்ப்பதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

தானே எப்படிக் காய்ச்சும்? பாத்திரத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய், அதற்குள் கரியும் காய்ந்த பைன் காய்களும் எரிகின்றன, சுற்றிலும் தண்ணீர், கீழே ஒரு திருகு குழாய். தீ வயிற்றுக்குள்ளேயே இருப்பதால் அடுப்பு வேண்டாம், அதுதான் பெயரின் காரணம். தீ மங்கினால் பழைய பூட்ஸ் ஒன்றைக் குழாய் வாயில் கவிழ்த்துத் துருத்தி மாதிரி அமுக்குவார்களாம். தலையில் உட்கார்ந்திருக்கும் குட்டிக் கெண்டியில் இருப்பது ஸவார்க்கா. அதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம், டிகாக்‌ஷன்தான். கோப்பையில் அதைக் கொஞ்சம் விட்டு, திருகைத் திறந்து வெந்நீர் கலந்துகொள்ள வேண்டும்.

தூலாவில் 1778-இல் லிசீத்சின் சகோதரர்கள் சமோவார் பட்டறை போட்டார்கள், பிறகு ஊரே அதற்குப் பெயர்போனது. ‘தூலாவுக்குச் சொந்த சமோவாரோடு போகாதே’ என்று ரஷ்யாவில் பழமொழியே உண்டு, நமக்குக் கொல்லர் தெருவில் ஊசி விற்பது போல. சொல் மட்டும் ஊரைவிட்டு வெகுதூரம் போயிருக்கிறது. ஈரான், காஷ்மீர், ஏன், கேரளத்துச் சாயாக்கடை வரைக்கும் ‘சமாவர்’ என்ற பெயர் இருக்கிறது. நம் டீக்கடையில் மட்டும் அது ‘பாய்லர்’.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? கொதிகலன் என்று போட்டால் அனல்மின் நிலையம் நினைவுக்கு வருகிறது. வேரைப் பிடித்து உருவாக்கினால் தன் + காய்ச்சி, ‘தற்காய்ச்சி’. இலக்கணம் இடிக்காது, ஆனால் தற்கொலைக்குத் தங்கை மாதிரி ஒலிக்கிறது. என்னைக் கேட்டால், சமோவார் என்றே எழுதி, முதல் தடவை மட்டும் ‘வெந்நீர்க் கலம்’ என்று பக்கத்தில் சேர்த்தால் போதும். ‘பித்தளை டீப்பாத்திரம்’ என்று எழுதுவது தப்பு, ஏனென்றால் அதற்குள் டீயே கிடையாது, வெறும் தண்ணீர்தான்.

பரிமாறிய அம்மா என் கோப்பையில் சர்க்கரை போடவில்லை. கட்டிச் சர்க்கரையைப் பல்லால் கடித்துக் காட்டி, அப்புறம் ஒரு வாய் டீ உறிஞ்சிக் காட்டினார். ‘வ்ப்ரிகூஸ்கு’ என்றார். கடித்துக்கொண்டு குடிப்பது என்று பொருள். யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பிளேன்டீ குடிப்பவர்களுக்கு அந்த அம்மா செய்து காட்டியிருக்கவே தேவையில்லை.