ஊருக்குப் போகும்போது குதிரையையும் நாயையும் யாரிடம் விடுவது?

விடிகாலை நாலே முக்காலுக்கு வந்த அழைப்பு அது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். வீட்டுக்காரர்கள் பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான்கு நாள் தங்கிப் பார்த்துக்கொள்ளச் சொந்தத்திலேயே ஒரு பையனை விட்டிருந்தார்கள். "டாக்டருங்க, குதிர கீழ விழுந்து பொரண்டுகிட்டே இருக்குதுங்க" என்றான். நான் போய்ச் சேர ஆறு மணி ஆகிவிட்டது. ஏழு வயதுப் பெண் குதிரை. உடம்பெல்லாம் வேர்வை, புரண்டு புரண்டு கண்ணுக்கு மேலே தோல் உரிந்திருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90. சும்மா நிற்கும் குதிரைக்கு அது 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். விலாவில் காது வைத்துக் கேட்டேன், குடல் ஓடும் சத்தமே இல்லை. மத்தியானத்துக்குள் குதிரை போய்விட்டது.

அந்தப் பையன் நல்லவன். குடிக்கிற பழக்கம் இல்லை, நான்கு நாளும் தோட்டத்தை விட்டு நகரவில்லை. முந்தின நாள் மத்தியானமே குதிரை தீவனத்தைத் தொடாமல் நின்றதை அவன் பார்த்திருக்கிறான். பொழுது சாயும்போது அது காலால் மண்ணைப் பறித்ததையும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததையும்கூடப் பார்த்திருக்கிறான். ஏன் கண்ணு அப்பவே கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "மாமன் கல்யாண வூட்ல இருக்காருங்க. நாந்தான் என்னமோ பண்ணிட்டேன்னு வைவாருன்னு இருந்துட்டேனுங்க" என்றான். ஏறக்குறைய பதினாறு மணி நேரம் அந்தப் பயத்தில் போய்விட்டது.

"நம்பிக்கையான ஆள் இருந்தா சொல்லுங்க டாக்டர்" என்று கேட்பவர்களிடம் எல்லாம் நான் இந்தப் பையனைப் பற்றித்தான் முதலில் சொல்கிறேன். வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்கலாமா என்று பார்ப்பது ஒன்று. ராத்திரி ரெண்டு மணிக்குத் தயங்காமல் உங்களைக் கூப்பிடுவாரா என்று பார்ப்பது வேறொன்று. குதிரை பிழைப்பது இரண்டாவதில்தான் இருக்கிறது. அந்த இரண்டாவதில் பாதி, கூப்பிட்டவரிடம் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்பதைப் பொறுத்தது.

குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. பலருக்கு இது தெரிவதில்லை. நாய் ஒவ்வாததைத் தின்றால் கக்கிவிடும். குதிரையின் இரைப்பையிலிருந்து மேலே வரும் வழி அப்படி இறுகியிருக்கும். உள்ளே காற்றும் நீரும் சேரச் சேர வலி ஏறுமே தவிர வெளியே வர வழியில்லை. முற்றினால் இரைப்பையே கிழிந்துவிடும். அதனால்தான் குதிரையின் வயிற்று வலியை நாங்கள் மணிக்கணக்கில் பார்க்கிறோம். மாட்டுக்கு "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விடுகிற விஷயம் குதிரைக்கு நாளை வரை தாங்காது.

தாராபுரத்துக் குதிரைக்கு வந்தது தண்ணீரால். நம் தோட்டங்களில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும், அப்போதுதான் தொட்டி நிரம்பும். வீட்டுக்காரருக்கு அது பழக்கம். தூக்கத்திலும் எழுந்து போய் சுவிட்சைப் போட்டுவிடுவார். பையனிடம் அதை யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் அடிமட்டத்தில் கிடந்த சூடான, பாசி பிடித்த தண்ணீர். ஒரு குதிரைக்கு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் வேண்டும், சித்திரை வெயிலில் இன்னும் கூடும். அது போதாக்குறைக்கு, கொறங்காட்டு, அதாவது மேய்ச்சல் காட்டுக் கொழுக்கட்டைப்புல்லுக்குப் பழகிய குதிரைக்குக் கட்டுத்தரையிலேயே வைக்கோலை அள்ளிப் போட்டிருக்கிறான். காய்ந்த வைக்கோலும் குடிக்காத தண்ணீரும் சேர்ந்தால் பெருங்குடலில் அப்படியே கட்டிக்கொள்ளும். ஒரு வேளை தவறிய தீவனத்தை அடுத்த வேளையில் இரண்டு மடங்காக வைப்பதும் இதே போல ஆபத்து. கொள்ளும் மக்காச்சோளமும் ஒரேயடியாக உள்ளே போனால் வயிற்று வலி மட்டுமல்ல, குளம்புக்குள் வீக்கம் கண்டு குதிரை நடக்கவே முடியாமல் போகும்.

சரி, யாரைத் தேடுவது? என் அனுபவத்தில் குதிரை ஓட்டத் தெரிந்தவர்களைவிட, காலையும் மாலையும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவர்களே நன்றாகப் பார்க்கிறார்கள். அதிலும் பெண்கள். நாலரை மணிக்கு எழுந்து பழகியவர்கள். அரை லிட்டர் பால் குறைந்தால்கூட மாட்டின் முகத்தைப் பார்க்கிறவர்கள். அந்தப் பார்வையை யாருக்கும் ஒரு வாரத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. குதிரையேற்றம் தெரிந்த இளைஞர்கள் சிலர் ஏறி ஓட்ட வருகிறார்கள், லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தைப் பார்க்க வருவதில்லை. லத்தியைப் பார்க்கிறவர்தான் நமக்கு வேண்டும். நலமான குதிரை ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறையாவது போடும். காலையில் லாயத்தைக் கூட்டும்போது இரவு எத்தனை குவியல் என்று எண்ணினாலே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

உங்கள் பக்கத்தில் லாடம் அடிக்க வருகிறவரையும் கேளுங்கள். எந்தத் தோட்டத்தில் யார் குதிரையைப் பிடித்தால் அது அமைதியாக நிற்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை கொண்டுபோகிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் விசாரிக்கலாம். விடுமுறை நாட்களாக இருந்தால் நாமக்கல், உடுமலை கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் யாராவது உங்கள் ஊரிலேயே இருப்பார்கள்.

ஆனால் மாட்டில் கைதேர்ந்தவர்கள் செய்யும் தவறுகளும் அந்தத் தேர்ச்சியிலிருந்துதான் வருகின்றன. மாடு படுத்துக்கொண்டு அசை போட்டால் மனசு நிம்மதி. குதிரை அசை போடாது. படுத்துப் படுத்து எழுந்தால், விலாவைத் திரும்பிப் பார்த்தால், மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தால் அது வலி. மாட்டுக்கு வயிறு ஊதினால் மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றுவார்கள். குதிரைக்கு அப்படி ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்று வலியோடு போராடிப் பிழைத்து, ஊற்றிய எண்ணெயால் வந்த சளிக்காய்ச்சலில் செத்த குதிரையை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் எண்ணெய் கொடுத்தாலும் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டுத்தான் கொடுப்போம். தங்க வருகிறவர் செய்ய வேண்டியது, தீவனத்தை எடுத்துவிட்டு, முடிந்தால் கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டே கூப்பிடுவது. அவ்வளவுதான்.

பல்லடம், உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உங்கள் தோட்டத்திலோ பக்கத்திலோ கறிக்கோழிப் பண்ணை இருக்கும். கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சல் வராமலிருக்க மோனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்துகள் கலப்பது உண்டு. கோழிக்கு ஒன்றும் செய்யாத அந்த அளவு குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துவிடும். முறிமருந்து கிடையாது. கொள்ளு தீர்ந்துபோன நாளில் "எல்லாம் மக்காச்சோளந்தானே" என்று ஒரு படி கோழித் தீவனத்தை அள்ளி வைத்தால் போதும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் அப்படித்தான், அது குதிரையின் மூளையைக் கெடுக்கும். புறப்படும் முன் தீவனத்தை எண்ணிப் பார்த்து, திரும்பி வரும் நாளைக்கு மேலும் ஒரு வாரத்துக்கு இருப்பு வையுங்கள். வேலியோரம் அரளி இருந்தால் அந்தப் பக்கம் குதிரையைக் கட்டக் கூடாது என்று கையோடு கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நாயும் குதிரையும் ஒரே இடத்தில் இருக்கும் வீடுகளில் மருந்து மாறிப்போவதை நான் அதிகம் பார்க்கிறேன். நாயின் உண்ணிக்கு வாங்கி வைத்த அமிட்ராஸ் பாட்டில் திண்ணையிலேயே இருக்கும். குதிரையின் காதோரம் உண்ணியைப் பார்த்ததும், நல்ல மனதோடு, அதைக் கரைத்து உடம்பெல்லாம் தேய்த்துவிடுவார்கள். அமிட்ராஸ் குதிரையின் குடலை ஓடவிடாமல் நிறுத்திவிடும். அதேபோல் குதிரைக்குக் குடற்புழு நீங்கக் கொடுக்கும் ஐவர்மெக்டின் பசையை நாய் நக்கினால் நாய்க்கு ஆபத்து. இரண்டு பெட்டி வாங்குங்கள். ஒன்றில் குதிரைப் படம், ஒன்றில் நாய்ப் படம் ஒட்டுங்கள். தலைவலிக்கும் கை கால் வலிக்கும் நாம் போடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை நொண்டும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரைப்பையில் ரத்தம் கசியும், சிறுநீரகம் போகும்.

நாய்களைப் பொறுத்தவரை முதல் இரண்டு நாள்தான் சிக்கல். நீங்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், கேட் திறந்த நேரம் பார்த்து ஓடிவிடும். கோம்பை, ராஜபாளையம் மாதிரிக் காவல் நாய் என்றால் புது ஆளைக் கடிக்கவும் கூடும். அதனால் தங்க வருகிறவர் குறைந்தது மூன்று நான்கு முறை நீங்கள் வீட்டில் இருக்கும்போதே வந்து, அவர் கையால் வட்டலில் சோறு வைக்க வேண்டும். ஒரு நாள் சாப்பிடாவிட்டால் ஏக்கம் என்று விடலாம். தண்ணீரும் குடிக்காமல், ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் அது பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சல், அன்றே பார்க்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேதியைப் பார்க்காமல் எந்த நாயையும் இன்னொருவர் பொறுப்பில் விடாதீர்கள். ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

ஆளைப் பார்க்கும்போது நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: "உங்க கையில கடைசியா தப்பானது என்ன?" சென்னிமலைப் பக்கத்து அக்கா ஒருவர், "கன்னுக்குட்டி கயித்துல மாட்டிக்கிச்சுங்க, நான் டிவி பார்த்துட்டு இருந்துட்டேன். அதுக்கப்புறம் பொழுது சாஞ்சா ஒரு சுத்து சுத்தாம உக்கார மாட்டேன்" என்றார். அவரை நான் தயங்காமல் மூன்று வீடுகளுக்குச் சொல்லியிருக்கிறேன். "எங்கிட்ட ஒரு தப்பும் நடந்ததில்லைங்க" என்று சொன்னவரை யாருக்கும் சொன்னதில்லை.

2024, 2025இல் பல்லடத்திலும் சிவகிரியிலும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, முன்பின் தெரியாதவரைத் தோட்டத்தில் தங்க வைக்க எல்லோருக்கும் பயம். நியாயமான பயம். ஆதார் நகல் வாங்குங்கள், முன்பு வேலை பார்த்த இடத்தில் நேரில் போய்க் கேளுங்கள், உள்ளூர்க் காவல் நிலையத்தில் நீங்கள் ஊரில் இல்லாத நாட்களைச் சொல்லிவிட்டுப் போங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் தினமும் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். தங்குகிறவருக்கும் அது பாதுகாப்பு, அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்?

புறப்படும் முன் என்னைப் போன்ற ஒருவரிடம் நேரில் கூட்டிவந்து முகம் காட்டுங்கள். லாயத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: தீவனம் எத்தனை படி, மோட்டார் எத்தனை மணிக்கு, மருத்துவர் எண், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. இரவுக்கென்று வேறொரு மருத்துவர் எண்ணும் வேண்டும். மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறவர்கள், இங்கே குதிரை புரளும்போது நீங்கள் விமானத்தில் இருக்கலாம் என்பதை நினைத்து, "இவ்வளவு ரூபாய் வரை என்னைக் கேட்காமலே வைத்தியம் பார்க்கலாம்" என்று கையெழுத்துப் போட்ட கடிதமும், அந்தப் பணத்தில் ஒரு பகுதியும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம். சொந்தக்காரப் பிள்ளை என்பதற்காகச் சும்மா விட்டால், அவன் உங்களுக்கு உதவி செய்கிறவனாகத்தான் இருப்பான், பொறுப்பேற்றவனாக இருக்க மாட்டான்.

போன தையில், பழனிக்குப் பாதயாத்திரை போன ஒரு குடும்பம் சென்னிமலை அக்காவைத் தங்க வைத்திருந்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு. "குதிர கைகாலை நீட்டிப் படுத்துருக்குதுங்க, கூப்பிட்டும் எந்திரிக்கல. எனக்கு என்னமோ பயமா இருக்குதுங்க." இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனேன். நான் கேட்டைத் திறந்த சத்தத்தில் குதிரை எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, தீவனத்தைத் தின்ன ஆரம்பித்தது. இளவெயிலில் நன்றாகத் தூங்கியிருக்கிறது. குதிரைக்கும் ஆழ்ந்த தூக்கம் படுத்தால்தான் வரும். அக்காவின் முகம் சுண்டிப்போனது. பாதயாத்திரையில் இருந்தவர் ஃபோனிலேயே எனக்குக் கட்டணத்தை அனுப்பினார். பிறகு ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவரிடம் சொன்னார்: "நல்ல வேலை பண்ணுனீங்க அக்கா. நாளைக்கும் இப்படிப் படுத்தா நாளைக்கும் டாக்டரைக் கூப்பிடுங்க."