ஆம்பளைக் கைக்குச் சின்ன வாட்ச் எடுப்பா இருக்குமா?

பீரோவில் கிடந்த வாப்பாவின் எச்.எம்.டி. வாட்சை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு வருவார்கள். சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, ஓட வைத்துக் கொடுத்தால் ஒரு தடவை கட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, லேடீஸ் வாட்ச் மாதிரி இருக்கேண்ணே” என்று கழற்றிவிடுவார்கள். வாட்ச் மறுபடி பீரோவுக்குப் போகும். நிக்காஹுக்கு மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த 44 மி.மீ. தங்க முலாம் வாட்ச் கையில் ஏறும். கீழக்கரை, ராமநாதபுரம், மண்டபம் என்று இந்தக் கரையில் எந்த ரிப்பேர் மேசைக்கும் இது பழகிய காட்சி.

அந்தச் சின்ன வாட்சைக் கழற்ற வேண்டியதில்லை என்பதுதான் எங்கள் கருத்து. கண்ணுக்கு உறுத்துவது பெரும்பாலும் அதன் ஸ்ட்ராப். அதைச் சரிசெய்து, இந்த உப்புக்காற்றிலிருந்து வாட்சைக் காப்பாற்றவும் தெரிந்துகொண்டால் அது இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.

முதலில் அந்த ‘லேடீஸ்’ பேச்சை முடித்துவிடலாம். எச்.எம்.டி. 1961-ல் சிட்டிசன் கம்பெனியின் கூட்டில் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. ஊரெல்லாம் கட்டிய ‘ஜனதா’ ஏறக்குறைய 35 மி.மீ. அதுதான் அன்றைக்கு முழு ஆம்பளை அளவு. வெளிநாட்டிலும் அப்படியே. 1932-ல் வந்த படெக் பிலிப் கலட்ராவா 31 மி.மீ.; 1945-ல் வந்த ரோலக்ஸ் டேட்ஜஸ்ட் 36 மி.மீ. அந்தக் காலத்துப் பெண்கள் வாட்ச் என்றால் பெரும்பாலும் 25 மி.மீ.க்குள் அடங்கிவிடும். 40-க்கு மேல் கட்டுவது வழக்கமானது 1990-களுக்குப் பிறகு. நம் கண் அதற்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இனி உங்கள் கையை அளந்து பாருங்கள். மணிக்கட்டு எலும்பைத் தாண்டி, முழங்கைப் பக்கமாக வாட்ச் உட்காரும் இடத்தில் ஒரு நூலைச் சுற்றி, இறுக்காமல் பிடித்து, ஸ்கேலில் வையுங்கள். நம் ஆட்களில் பலருக்கு 15-லிருந்து 18 செ.மீ.க்குள் வரும். அதைவிட முக்கியமானது இரண்டாவது அளவு. ஸ்கேலை மணிக்கட்டின் மேலே குறுக்காக வைத்து, சரிவு தொடங்குவதற்கு முன் தட்டையான பகுதி எத்தனை மி.மீ. என்று பாருங்கள். 16 செ.மீ. கைக்கு அது பொதுவாக 45-லிருந்து 50-க்குள் இருக்கும்.

வாட்சில் அளக்க வேண்டியது டயலின் விட்டத்தை மட்டும் இல்லை. கேஸிலிருந்து, அதாவது வாட்சின் வெளிக்கூட்டிலிருந்து, நீண்டு ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் நான்கு கால்கள் இருக்கின்றன அல்லவா, மேல் கால் நுனியிலிருந்து கீழ்க்கால் நுனி வரைக்கும் உள்ள நீளம்தான் கையில் இடம் பிடிக்கிறது. 35 மி.மீ. வாட்சுக்கு அது சுமார் 41-லிருந்து 43. அந்த 44 மி.மீ. துபாய் வாட்சுக்கு 50-ஐத் தாண்டிவிடும். கால் நுனி தட்டைப் பகுதியைத் தாண்டி வெளியே நீட்டினால் ஸ்ட்ராப் தோலைத் தொடாமல் செங்குத்தாக இறங்கும். கைக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். வாட்ச் உருண்டுகொண்டே இருக்கும், கையை மடக்கும்போது ஓரத்தில் இருக்கும் சாவித் திருகு புறங்கையில் குத்தும். தட்டைப் பகுதிக்குள் அடங்கி, இரண்டு பக்கமும் மூன்று நான்கு மி.மீ. தோல் தெரிந்தால் அது உங்கள் கைக்குச் செய்த வாட்ச்.

கையைக் கண்ணுக்கு ஓரடி தூரத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செல்போனில் கிட்டக்கப் பிடித்த படமும் ஏமாற்றும்; அருகில் இருக்கும் வாட்சைப் பெரிதாகவும் பின்னால் போகும் கையை ஒல்லியாகவும் காட்டும். ஆறடி தள்ளி ஒரு ஆளுயரக் கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நின்று பாருங்கள். அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

இங்கே ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். டிரஸ் வாட்ச் என்பது குளிர்நாட்டில் கோட்டுக் கையின் அடியில் ஒளிந்து, மணி பார்க்கும்போது மட்டும் எட்டிப் பார்ப்பதற்காக வந்த பொருள். நம் கரையில் அரைக்கை சட்டையும் வேட்டியும், இல்லையென்றால் கைலியும்தான். முழங்கையிலிருந்து விரல் வரை கை திறந்து கிடக்கிறது. அந்த வெற்றுக் கையில் 34 மி.மீ. வாட்ச், முழுக்கை சட்டைக்குள் தெரிவதைவிடச் சின்னதாகத்தான் தெரியும். ஆகவே 17 செ.மீ. வரைக்கும் உள்ள கைக்கு 34, 35 தாராளமாகப் போதும். வலை இழுத்து, நங்கூரக் கயிறு பிடித்து முன்னங்கை திரண்ட, 18, 19 செ.மீ. மணிக்கட்டு உள்ளவர்கள் புதிதாக வாங்குவதானால் 36-லிருந்து 38 வரை பார்க்கலாம். ஆனால் மெல்லியதாக வாங்க வேண்டும்.

உயரம் கெட்டால் அழகு கெடும். டயல் விட்டத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் உயரம் போனால், 34 மி.மீ. வாட்ச் சோடா மூடியைக் கவிழ்த்த மாதிரி நிற்கும். செல் போடும் டிரஸ் வாட்ச் 6, 7 மி.மீ.யில் கிடைக்கும், சாவி கொடுப்பது 8, 9, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் என்றால் 10-லிருந்து 12. டைட்டன் 2002-ல் கொண்டுவந்த ‘எட்ஜ்’ 3.5 மி.மீ.தான். சின்ன அளவில் ஆட்டோமேட்டிக் கேட்டுப் பிடிவாதம் பிடிப்பதைவிட, சாவி கொடுப்பதையோ செல் போடுவதையோ எடுப்பது கைக்கு நல்லது.

டயலின் நிறமும் கண்ணை ஏமாற்றும். வெள்ளை டயலும் மெல்லிய விளிம்பும் வாட்சைப் பெரிதாகக் காட்டும். கறுப்பு டயலும் அகல விளிம்பும் சுருக்கிவிடும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் கோடு மட்டும் போட்ட டயலைத் தவிர்த்து, வெள்ளையில் கறுப்பு எண் போட்டதை எடுத்தால் மணி பார்க்க கண்ணாடியைத் தேட வேண்டாம்.

இப்போது ஸ்ட்ராப். சின்ன வாட்ச் பெண்கள் வாட்சாகத் தோன்றுவதும் ஆம்பளை வாட்சாக நிமிர்வதும் இங்கேதான்.

இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 34-லிருந்து 36 வரை உள்ள வாட்சுகளில் பெரும்பாலும் 18 மி.மீ. இருக்கும். கையிருப்பில் இல்லை என்று 16 மி.மீ. ஸ்ட்ராப்பை மாட்டிவிடும் கடைகள் உண்டு. அப்போது இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மி.மீ. இடைவெளியில், ஸ்ட்ராப்பைக் கால்களோடு பிடிக்கும் ‘பின்’ பளபளவென்று தெரியும். பார்த்தவுடன் ‘தங்கச்சி வாட்ச்’ என்று தோன்றவைப்பது அந்த இடைவெளிதான். மாறாக 20 மி.மீ. ஸ்ட்ராப்பை ஓரம் செதுக்கித் திணித்தால் பின் வளைந்து, ஒருநாள் பஸ் ஏறும்போது வாட்ச் கழன்று விழும். சரியான 18-ஐக் கேட்டு வாங்குங்கள். பக்கிள் பக்கம் 16-ஆகக் குறுகி வருவதாக, 2-லிருந்து 2.5 மி.மீ. தடிமனாக, பஞ்சு வைத்து உப்பாததாக இருக்கட்டும். வாட்சின் உயரத்துக்குச் சமமாக ஸ்ட்ராப்பும் உப்பியிருந்தால் டயல் அமுங்கிப்போகும்.

நீளமும் உண்டு. கடையில் தொங்கும் ஸ்ட்ராப்பில் துளைப் பக்கம் 115-லிருந்து 120 மி.மீ., பக்கிள் பக்கம் 75 மி.மீ. என்பது வழக்கம். 15 செ.மீ. கைக்கு அது அதிகம்; வால் வெளியே நீட்டிக்கொண்டு, பக்கிள் மணிக்கட்டின் உள்பக்க நடுவுக்கு வராமல் ஒருபக்கமாகச் சாயும், வாட்சும் அதோடு திரும்பும். குட்டை அளவு, அதாவது 105-க்கு 65 இருக்கும்படி கேளுங்கள். துளை போதவில்லையென்றால் கத்தி நுனியால் கிழிக்காதீர்கள். பழைய துளைகளின் இடைவெளியை அளந்து (6, 7 மி.மீ. இருக்கும்) அதே தூரத்தில் 2 மி.மீ. துளைக்கருவியால் போடச் சொல்லுங்கள். கட்டியபின் சுண்டுவிரல் நுனி உள்ளே நுழைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மாலையில் கை வீங்கும்போது வரி விழும். அதைவிடத் தளர்ந்தால் வளையல் மாதிரி ஆடும்.

துணி ஸ்ட்ராப்பில் பின்மூடிக்கு அடியில் ஓடி வரும் வகை ஒன்று உண்டு. அது வாட்சைக் கையிலிருந்து தூக்கி நிறுத்தும். சின்ன வாட்சுக்கு வேண்டாம். எலாஸ்டிக் செயினும் வேண்டாம். முடியைப் பிடுங்குவது மட்டுமில்லை, பழைய கேஸின் கால்களை உள்பக்கமாக அறுத்துவிடும்.

இனி உப்பு. பாம்பனில் நின்றால் உதட்டில் கரிக்கும் அந்தக் காற்றுதான் வாட்சிலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். நம் கரையில் அது அன்றாட நிலை. அதனால் வாட்சின் மேல் படிந்த உப்பு காய்வதேயில்லை. உப்புத்தண்ணீர்ப் பூச்சாகவே இருந்து உலோகத்தைத் தின்கிறது. மதுரையில் பத்து வருஷம் தாங்கும் கேஸ் இங்கே சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம்.

பழைய வாட்சைத் திருப்பிப் பாருங்கள். பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பலர் அதை முழு வாட்சும் ஸ்டீல் என்று படிக்கிறார்கள். பின்மூடி மட்டும்தான் ஸ்டீல் என்பது அதன் பொருள். கேஸ் பித்தளை, மேலே நிக்கல், அதன் மேல் குரோமியம் முலாம். முலாம் முதலில் விட்டுப்போகும் இடம் கால்களின் உள்பக்கமும் பின்மூடி ஓரமும். ஸ்ட்ராப்பைக் கழற்றினால் அங்கே வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு தெரியும், வியர்வையும் உப்பும் தோல் அழுக்கும் சேர்ந்து பித்தளையை அரித்த களிம்பு. குரோமியம் தேய்ந்து நிக்கல் வெளியே வந்தால் சிலருக்கு மணிக்கட்டில் அரிப்பும் சிவப்புத் தடிப்பும் வரும். “வாட்ச் ஒத்துக்கலை” என்று அவர்கள் சொல்வது இதைத்தான். புதிதாக வாங்குபவர்கள் கேஸே 316 எல் ஸ்டீலா என்று கேளுங்கள். மற்ற சாதாரண ஸ்டீலில் இல்லாத மாலிப்டினம் அதில் இருப்பதால் உப்பு புள்ளிபுள்ளியாகத் துளைப்பது குறையும்.

இந்தக் கரையில் சின்ன வாட்ச் தொலைவதற்கு முக்கியக் காரணம் அந்த ஸ்ட்ராப் பின். ஒன்றரை மி.மீ. தடிமன் உள்ள குழாய், உள்ளே ஒரு சுருள்வில், இரண்டு முனையிலும் அமுங்கும் மூக்கு. துரு முதலில் உள்ளே வில்லைப் பிடிக்கிறது. வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். மூக்கை நகத்தால் அமுக்கிப் பாருங்கள். டக்கென்று திரும்பி வந்தால் சரி. மெதுவாக ஊர்ந்து வந்தாலோ, உள்ளேயே நின்றுவிட்டாலோ அன்றைக்கே மாற்றுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, பெருநாளுக்கோ பொங்கலுக்கோ என்று வைத்துக்கொண்டு ஜோடியாக ஸ்டீல் பின் போட்டுவிடுவது நல்லது. வாட்சில் இவ்வளவு மலிவான பாகம் வேறு இல்லை.

தினமும் இரவில் கழற்றியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேஸையும் பின்மூடியையும் துடைத்து, உலர்துணியால் இன்னொரு தடவை துடையுங்கள். வாரம் ஒரு தடவை பல்குத்தும் குச்சியால் கால் இடுக்கைச் சுரண்டுங்கள். இரும்பு ஊசி வேண்டாம், முலாமைக் கீறிவிடும். தோல் ஸ்ட்ராப்பை விசேஷத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தினப்படிக்கு ரப்பரோ மெல்லிய துணியோ போட்டால் நாற்றமும் வராது.

டயலில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று அர்த்தமில்லை. மழைத்துளி, கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், அதற்குத்தான் அது தாங்கும். மெல்லிய வாட்சுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். பழைய எச்.எம்.டி.யில் அதுகூடக் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது தண்ணீர் முழங்கை வரை போகிறது, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் இறங்குபவர்களும், இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்குபவர்களும் வாட்சை அறையிலேயே விட்டுப் போங்கள். வல்லத்திலோ விசைப்படகிலோ போகும் கைக்கு டிரஸ் வாட்சே கூடாது. அதற்கு ரப்பர் வாட்ச் இருக்கிறது.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கையில் கட்டி உடல் சூடு ஏறிய வாட்சின் கிளாஸ் மேல் ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர் விட்டு, ஒரு நிமிஷம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் பனி படர்ந்திருந்தால் ஈரம் ஏறிவிட்டது. உடனே திறக்கக் கொடுங்கள். அரிசிப் பானையில் புதைப்பது உதவாது. ஈரம் கொஞ்சம் போனாலும் உப்பு உள்ளேயே இருக்கும், அரிசி மாவும் சேர்ந்து நுழையும். கடல் தண்ணீரே புகுந்திருந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. எண்ணெய் படாத ஸ்டீல் சக்கரங்களில் துரு ஓரிரு நாளில் பூக்கும். அதற்குப் பிறகு உதிரிபாகம் தேடும் வேலைதான், பழைய எச்.எம்.டி.க்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

வாட்சை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது டயலுக்குப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மஞ்சள் பூத்த டயலின் எழுத்துக் கூர்மை ஒருமுறை போனால் திரும்பாது. கிளாஸ் பழைய பிளாஸ்டிக் வகையாக இருந்தால் மேலோட்டமான கீறலைப் பாலிஷ் செய்தே எடுத்துவிடலாம், மாற்ற வேண்டியதில்லை. ஆழமாக வெடித்திருந்தால் மட்டும் அதே அளவில் மாற்றச் சொல்லுங்கள். அளவு கால் மி.மீ. தவறினாலும் ஓரம் வழியாக உப்புக்காற்று உள்ளே போகும்.

சாவி கொடுக்கும் வாட்சென்றால் காலையில் கையில் கட்டுவதற்கு முன் சாவி கொடுங்கள்; கையில் கட்டியபடி கொடுத்தால் சாவித்தண்டு வளையும். முட்டும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஓரிரு மாதம் பூட்டி வைக்கப்போகிற செல் வாட்சாக இருந்தால் செல்லைக் கழற்றிவிட்டு வையுங்கள். தீர்ந்துபோன செல் கசிந்தால் சர்க்யூட்டே போய்விடும்.